பிராக்கெட்: கையா, கால்சட்டையா?

தங்கச்சிமடத்தில் ஏசி மாட்டும் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சுவரில் அவுட்டோர் யூனிட்டைத் தாங்குகிற இரும்பும் பிராக்கெட், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் கணக்கு நோட்டில் போடுகிற வளைவும் பிராக்கெட். “ரெண்டுக்கும் ஏன்ப்பா ஒரே பேரு?” என்று பிள்ளை மடக்கிவிட்டாளாம். கூட வேலை பார்ப்பவரோ, “லத்தீன்ல பிராக்கியம்னா கை. கை மாதிரி சுவத்துல இருந்து நீட்டிக்கிட்டு நிக்கிதுல்ல, அதான் பிராக்கெட்” என்று முடித்துவிட்டாராம். அது சரிதானா, இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று தம்பி கேட்கிறார்.

கை இல்லை தம்பி. கால்சட்டை.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். மண்டபத்தில் வீடு. சொற்களின் பின்னால் போவது ஓய்வுக்குப் பிறகு பிடித்த கிறுக்கு. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1570களில் தலைகாட்டுகிறது. அப்போது அதன் எழுத்துக்கூட்டலே வேறு. ‘கே’ எழுத்து கிடையாது, நடுவில் இரண்டு ‘ஜி’ போட்டு எழுதினார்கள். பொருள், சுவரிலிருந்து துருத்திக்கொண்டு மேலே உள்ள பாரத்தைத் தாங்குகிற கல் அல்லது கட்டை. பிரெஞ்சில் ‘பிராகெத்’, ஸ்பானிய மொழியில் ‘பிராகேத்தா’ என்று இருந்ததை ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டதாக அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குத்தான் சங்கடமான ஒரு பொருள் உண்டு.

15, 16ம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய ஆண்கள் காலோடு ஒட்டிய இறுக்கமான உடுப்பு போட்டார்கள். இரண்டு காலுக்கும் தனித்தனித் துணி, நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியை மூட முன்பக்கம் ஒரு பை தைத்துக் கட்டிக்கொண்டார்கள். நம்மூர் கோவணம் செய்கிற வேலைதான். ஆனால் கோவணத்துக்கு இருக்கிற அடக்கம் அதற்கு இல்லை. உள்ளே பஞ்சு அடைத்து, வெளியே பூவேலை செய்து, எல்லாரும் பார்க்கும்படி துருத்திக்கொண்டு நிற்கும். போர்க் கவசத்தில் அதையே இரும்பில் அடித்தார்கள். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் கவசம் லண்டன் டவரில் இன்றும் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் முகமூடியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த இரும்புப் பையைத்தான் பார்ப்பார்கள். அதன் பிரெஞ்சுப் பெயர்தான் ‘பிராகெத்’. ‘குட்டிக் கால்சட்டை’ என்று பிரித்துப் பொருள் சொல்லலாம்.

தட்டையான சுவரில் திடீரென்று புடைத்து வெளியே நீண்டு, அடிப்பக்கம் உருண்டு முடிகிற ஒரு தாங்குகல்லைப் பார்த்த கொத்தனார் யாரோ அதற்கு இந்தப் பெயரை வைத்திருக்கிறார். கொத்தனார்கள் பெயர் வைக்கிற விதம் உலகமெங்கும் ஒன்றுதான் என்பது என் அனுபவம். சாரத்தின் மேல் நிற்கிறவனுக்குக் கூச்சம் கிடையாது. ஸ்பானிய மொழியில் அந்த ஒரே சொல் உடுப்பின் முன்பையையும் சுவரின் தாங்குகல்லையும் குறித்தது. இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. கால்சட்டைக்கு இரண்டு கால், தாங்குகல்லும் ஜோடியாகத்தான் வைக்கப்படும், அந்த ஒப்புமையும் சேர்ந்திருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இன்றைக்கு பிரெஞ்சில் ‘பிராகெத்’ என்றால் பேண்ட்டின் ஜிப் வைக்கும் இடம். பாரிஸில் ஹார்டுவேர் கடைக்குப் போய் நம் பிராக்கெட்டைப் பிரெஞ்சு வாயில் கேட்டால் கடைக்காரர் குனிந்து தன் பேண்ட்டைச் சரிபார்த்துக்கொள்வார்.

இன்னும் பின்னால் போனால் ரோமாபுரி. ரோமானியர்கள் வேட்டி கட்டின ஆட்கள் மாதிரி. தோகா என்ற நீளத் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். வடக்கே கால்சட்டை போட்டுத் திரிந்த ‘கால்’ (Gaul) என்ற இனத்தாரைப் பார்த்து அவர்களுக்கு இளக்காரம். அந்த உடுப்புக்கு அந்த இனத்தாரின் சொல்லையே எடுத்து ‘பிராக்கே’ என்றார்கள். இன்றைய தெற்கு பிரான்சுக்கு ‘கால்லியா பிராக்காட்டா’, அதாவது ‘கால்சட்டை போட்ட கால் நாடு’ என்றே ஒரு பெயர் இருந்தது. நம் மொழியில் சொல்லும்போது இந்தக் ‘கால்’ வந்து குழப்புகிறது, என் தப்பில்லை. இத்தாலியின் வடபகுதியில் ரோமானிய வழக்கம் பிடித்துக்கொண்ட மக்களின் பகுதி ‘தோகா கட்டின கால் நாடு’. உடுப்பை வைத்தே சீமையைப் பிரித்திருக்கிறார்கள். 4ம் நூற்றாண்டின் கடைசியில் ரோம் நகருக்குள் யாரும் கால்சட்டை போடக்கூடாது என்று சட்டமே வந்தது. ஆங்கிலத்தில் முழங்கால் வரைக்குமான பழைய கால்சட்டைக்கு ‘பிரீச்சஸ்’ என்று சொல்வார்கள், அதுவும் இந்தக் குடும்பம்தான்.

இனி உங்கள் நண்பரின் ‘கை’. லத்தீனில் ‘பிராக்கியம்’ என்றால் கை என்பது உண்மை. அதிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்கள் கையில் போடுகிற பிரேஸ்லெட், பல்லுக்குப் போடுகிற பிரேஸ், கட்டடத்தில் சாய்வாக முட்டுக்கொடுக்கிற பிரேஸ். பிராக்கெட் அந்த வரிசையில் பிறந்தது இல்லை. ஆனால் ஒரே மாதிரி ஒலிப்பதால் படித்தவர்கள் பலர் உங்கள் நண்பர் மாதிரியே இது கையிலிருந்து வந்தது என்று நினைத்தார்கள். அந்த நினைப்பு பொருளிலும் ஒட்டிக்கொண்டது. அதனால் நண்பரை முழுக்கத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். பெற்ற பிள்ளை இல்லை, வளர்ப்புப் பிள்ளை.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று. பிரிட்டனில் பேண்ட் இறங்காமல் இருக்கத் தோள் வழியாக மாட்டுகிற பட்டைக்குப் பெயர் ‘பிரேசஸ்’. கையிலிருந்து பிறந்த சொல் அங்கே கால்சட்டையைத் தூக்கிப் பிடிக்கிறது. கால்சட்டையிலிருந்து பிறந்த சொல் இங்கே சுவரில் கையின் வேலையைச் செய்கிறது.

பிள்ளையின் கேள்விக்கு வருவோம். 1610களிலேயே தச்சர்கள் அலமாரிப் பலகையைத் தாங்குகிற ஜோடி மரத்துண்டுகளை இந்தப் பெயரில் சொன்னார்கள். பக்கத்துக்கு ஒன்றாக எதிரெதிரே நிற்கும், நடுவில் பொருள் இருக்கும். அச்சுக்கோப்பவர்கள் சொற்களை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் குறிகளைப் பார்த்தபோது அவர்களுக்கு அந்த அலமாரித் தாங்கிகள்தான் நினைவுக்கு வந்தன. சதுர அடைப்பை உற்றுப் பாருங்கள், சுவரில் அடித்த எல்-ஆங்கிள் தெரியும். குறிக்கு இந்தப் பெயர் 1750ல் பதிவாகிறது. ஆக, மூத்தது உங்கள் பிராக்கெட், இளையது மகளின் பிராக்கெட். அவளிடம் இதைச் சொல்லுங்கள். ஏசி மாட்டுகிற அப்பாவின் பட்டறையிலிருந்துதான் கணக்கு வாத்தியார் சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறார்.

குறி மட்டும் பெயரைவிடப் பழையது. வளைந்த அடைப்பை 16ம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் ‘லூனுலா’ என்றார், லத்தீனில் ‘குட்டி நிலா’. நாமும் அதைப் பிறை அடைப்பு என்கிறோம். வானத்தில் ஒரே பிறையைப் பார்ப்பவர்களுக்கு ஒரே உவமைதான் தோன்றும் போலிருக்கிறது. பட்டியலில் நாலைந்து பெயர்களை ஒரு பெரிய அடைப்புக்குள் சேர்த்துப் போடும் வழக்கத்திலிருந்து ‘ஒரே கூட்டம்’ என்ற பொருள் கிளைத்தது. வருமான வரிக்காரர்கள் பேசுகிற பிராக்கெட் அதுதான்.

சொல்லை விட்டுவிட்டுப் பொருளைக் கொஞ்சம் பார்ப்போம், வாத்தியார் புத்தி போகாது. பிராக்கெட் என்பது தூண் இல்லை. தூணுக்குக் கீழே தரை இருக்கிறது, பாரத்தை நேராக இறக்கிவிடும். பிராக்கெட்டுக்குக் கீழே காற்று. பாரம் அதை முன்னால் கவிழ்க்கப் பார்க்கும். அதனால் மேல் போல்ட் சுவரை விட்டு வெளியே இழுபடும், கீழ் முனை சுவரில் அமுங்கும். உங்கள் யூனிட் 36 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிராக்கெட், ஆளுக்கு 18 கிலோ. பாரத்தின் மையம் சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. மேல் போல்ட்டுக்கும் கீழ் முனைக்கும் இடையே 30 செ.மீ. இருந்தால் மேல் போல்ட்டில் விழும் இழுவை 18 கிலோ. அந்த இடைவெளி 10 செ.மீ. மட்டும் இருந்தால் இழுவை 54 கிலோ. பாரம் அதேதான், இரும்பும் அதேதான். செங்குத்துக் கால் குட்டையான பிராக்கெட்டை விலை குறைவென்று வாங்காதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். சாய்வுக் கம்பி ஒன்று முக்கோணமாக ஓடினால் இரும்பு வளையாது. போல்ட்டின் இழுவையைக் குறைப்பது செங்குத்துக் காலின் நீளம்தான்.

நம் கரையில் இன்னொரு எதிரி உண்டு, உப்புக்காற்று. உலகத்திலேயே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும் இடங்களில் ஒன்று பாம்பன் கால்வாய். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, தனி வகைப் பூச்சு, வெல்டிங் மூட்டு என்று செலவழித்ததெல்லாம் இந்தக் காற்றுக்குப் பயந்துதான். என் வீட்டு மாடியில் பெயின்ட் மட்டும் அடித்த பிராக்கெட் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாவது வருஷம் வாடைக்காற்றில் ஒரு இரவு ‘டங்’ என்று சத்தம். காலையில் பார்த்தால் யூனிட் காப்பர் குழாயில் தொங்குகிறது. இரும்பு அப்பளம் மாதிரி பொடிந்திருந்தது. யார் மாட்டினார்கள் என்பது இப்போது எதற்கு. அதன் பிறகு நாகமுலாம் (ஜிங்க்) பூசிய இரும்பான ஜி.ஐ., அல்லது கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகான எஸ்.எஸ்., இரண்டில் ஒன்றுதான். ஜி.ஐ.யில் புதிதாக ஓட்டை போட்டால் அந்த இடத்தில் முலாம் போய்விடும், ஜிங்க் பூச்சு தடவாமல் மாட்டக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்லிவைத்தேன்.

இப்போது தமிழ்ப் பெயர். நீங்கள் இருப்பது உலகத்தின் மிகப் பிரமாதமான பிராக்கெட் வரிசைக்குப் பக்கத்தில். ராமநாதசுவாமி கோயில் மூன்றாம் பிரகாரத்துக்குள் போய் நின்று, முன்னால் பார்க்காமல் அண்ணாந்து பாருங்கள். 18ம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் கட்டி முடித்தது, 1,212 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். தூணின் தலையிலிருந்து நடைபாதைப் பக்கம் நீண்டு, நுனியில் பூ மொட்டுப் போலத் தொங்குகிற கல் இருக்கிறதே, அதற்குப் பெயர் போதிகை. நூறு சதவீதம் பிராக்கெட். கால்சட்டை சம்பந்தமே இல்லாதது.

அது அழகுக்கு வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். கருங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இரண்டு தூணுக்கு நடுவே கல்லைப் பாலமாகப் போட்டால் அதன் அடிப்பக்கம் இழுபடும், நீளம் கூடினால் விண்டுபோகும். இடைவெளி பத்து அடி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் போதிகை இரண்டிரண்டு அடி நீண்டால் கல் தாண்ட வேண்டியது ஆறு அடிதான். கல்லை முறிக்கிற விசை நீளத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால், நாலு அடி குறைத்ததில் முறிப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். இந்தத் தீவில் தோண்டினால் மணலும் பவளப்பாறையும்தான். அத்தனை கருங்கல்லும் கடல் தாண்டி வந்தது. அப்படி வந்த கல்லை ஒரு சிற்பி எவ்வளவு சிக்கனமாகக் கணக்குப் போட்டிருப்பான்!

போதிகைக்கு வடிவமும் காலமும் உண்டு. பல்லவர் குகைக் கோயில்களில் அது அலை அலையாகச் சுருண்டிருக்கும், தரங்கப் போதிகை என்பார்கள். தரங்கம் என்றால் அலை. தரங்கம்பாடியில் இருக்கிற தரங்கம். சோழர் காலத்தில் அலை போய், சாய்வாக வெட்டி நடுவில் ஒரு முனை நீட்டிய வெட்டுப்போதிகை. பிறகு அந்த முனை மெல்லப் பூவாகி, விஜயநகர, நாயக்கர் காலத்தில் வாழைப்பூப் போலத் தலைகுனிந்து தொங்க ஆரம்பித்தது. ஒரு மண்டபம் எந்தக் காலத்தது என்று கல்வெட்டு இல்லாமலே போதிகையை வைத்துச் சொல்லலாம் என்று காட்டியவர் ழுவோ துப்ராய், பாண்டிச்சேரியில் வாத்தியாராக இருந்த பிரெஞ்சுக்காரர். அவருடைய நூல் 1914ல் வந்தது. பழைய பாம்பன் பாலம் திறந்ததும் அதே வருஷம். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை, என் மூளையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஐரோப்பியக் கொத்தனார்கள் சுவரில் நீட்டுகிற கல்லுக்கு இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள், ‘கார்பெல்’. பழைய பிரெஞ்சில் அதற்குக் குட்டி அண்டங்காக்கை என்று பொருள். அலகு மாதிரி நீண்டிருப்பதால். கால்சட்டையைவிட இது கோயிலுக்குப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். ராமேஸ்வரத்தில் காக்கைக்குச் சோறு வைக்காமல் யார் திரும்புகிறார்கள்?

கல்லில் போதிகை, மரத்தில்? படகு கட்டுகிற ஆசாரிகளைக் கேட்டுப் பாருங்கள். படகின் அடியில் ஓடும் ஏராக்கட்டையிலிருந்து மேலே வளைந்து பலகையைப் பிடிக்கிற வங்கு, அதுவும் உள்ளே இருந்து கை நீட்டித் தாங்குவதுதான். அதற்கு நேரான மரத்தை வளைக்க மாட்டார்கள். நாட்டுக்கருவேலத்தில் இயற்கையாகவே கோணி வளர்ந்த கிளையைத் தேடி எடுப்பார்கள். நார் முறியாமல் வளைவோடு ஓடும் என்பதால் அறுத்து ஒட்டின மூட்டைவிட அது உறுதி. வீட்டுக் கூரையில் சாய்வாக நிற்பதை நாம் முட்டு என்கிறோம். பொதுவாகச் சொல்லத் தாங்கி என்ற சொல் இருக்கிறது, பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும். கணக்குக் குறிக்கு அடைப்புக்குறி. வேலி அடைக்கிறோமே, அந்த அடைப்பு. ஆங்கிலம் இரண்டையும் ஒரு சொல்லில் கட்டிவைத்தது, தமிழ் ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டது. உங்கள் மகள் தமிழ் வழியில் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. எனக்கும் இவ்வளவு பேச வாய்ப்பு கிடைத்திருக்காது.

கடைசியாக நான் ஒளித்துவைத்திருந்த சொல் ஒன்று, மதலை. குழந்தை என்று தெரியும். தூண், தாங்குவது, பற்றுக்கோடு என்ற பொருள்களும் அதற்கு உண்டு. ‘மதலையாம் சார்பு’ என்று குறள் 449ல் வருவது தாங்கிப்பிடிக்கும் துணை. பெரும்பாணாற்றுப்படை ஒரு துறைமுகத்தின் கலங்கரை விளக்கத்தை ‘வானம் ஊன்றிய மதலை போல’ என்கிறது. வானம் சரியாமல் இருக்கக் கொடுத்த முட்டு. பாம்பன் விளக்கை இரவில் படகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நெடுநல்வாடையில் வருகிற மதலைதான் நம் விஷயத்துக்கு மிகக் கிட்டத்தில் நிற்கிறது. வாடைக்காற்றும் மழையும் விடாத நாள். வீட்டுப் புறாவில் சிவந்த கால் ஆண் தன் பெடையோடு முற்றத்துக்கு இரை தேடக்கூடப் போகாமல், பகல் எது இரவு எது என்று தெரியாமல் மயங்கி, ‘மதலைப் பள்ளி மாறுவன இருப்ப’ என்று பாட்டு சொல்கிறது. வளைந்த கூரை விளிம்பான கொடுங்கையைத் தாங்குகிற பலகைதான் அந்த மதலை என்று உரைகாரர்கள் பொருள் எழுதியிருக்கிறார்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து கால் கடுக்கிறது, அதனால் இந்தக் காலை எடுத்து அந்தக் காலை மாற்றி ஊன்றுகிறதாம்.

கார்த்திகை மாசம் மழை பிடித்துக்கொண்டால் நீங்கள் மாட்டிய ஏதாவது ஒரு பிராக்கெட்டை நின்று பாருங்கள் தம்பி. யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு புறா உட்கார்ந்து கால் மாற்றிக்கொண்டிருக்கும். எச்சம் விழுகிறது, வலை கட்டிக் கொடு என்று வீட்டுக்காரம்மா உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள். கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மழை விட்ட பிறகு கட்டுங்கள்.